வாசனை பூசாமல் நாற்றத்தைப் போக்குவது: வீட்டிலேயே செய்யும் மணமூட்டிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் ஃப்ரெஷ்னர் டப்பா வாங்குவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தலைவலிதான் காரணம், கொள்கை எல்லாம் இல்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள், போனில் பேசுகிறவர்கள் எல்லாரிடமிருந்தும் அதே சந்தேகங்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி வைத்தேன். மேலிருந்து படித்துக்கொண்டு வருவது நல்லது. ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

கடையில விக்கிற ஏர் ஃப்ரெஷ்னர்ல அப்படி என்ன தப்பு? எல்லாரும்தானே அடிக்கிறாங்க?

எப்போதாவது ஒருமுறை அடித்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் தினமும் அடிப்பதும், பிளக்கில் செருகி ராப்பகலாக விடுவதும்தான் சிக்கல். ஆஸ்துமா உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் சிக்கல்.

டப்பாவிலிருந்து பீய்ச்சித் தள்ளுவதற்குப் பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரியும் வாயுக்களை வைப்பார்கள். லேபிளில் ‘வாசனை’ என்று ஒற்றைச் சொல்லாகப் போட்டிருப்பதற்குள் பல பத்துப் பொருட்கள் அடங்கியிருக்கலாம். 2007ல் அமெரிக்காவின் நேச்சுரல் ரிசோர்சஸ் டிஃபென்ஸ் கவுன்சில் என்ற அமைப்பு 14 ஏர் ஃப்ரெஷ்னர்களைச் சோதித்தபோது 12ல் தாலேட் வகைப் பொருட்கள் இருந்தன. ‘இயற்கையானது’ என்று ஒட்டி விற்றவையும் அதில் சேர்த்தி. வாசனை சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைப்பது தாலேட்டின் வேலை. அந்த வகையில் சில, உடலின் ஹார்மோன் வேலைகளில் குறுக்கிடக்கூடியவை.

அடிச்சதும் நாத்தம் போயிடுதே? அப்போ அது வெறும் மறைப்புதானா?

பெரும்பாலானவை மறைப்புதான். சின்ன நாற்றத்தின் மேல் பெரிய வாசனையைப் போர்த்துகிறார்கள். வாசனை கலைந்ததும் அடியில் இருந்தது அப்படியே எட்டிப் பார்க்கும்.

விதிவிலக்கு உண்டு. துணிக்கு அடிக்கும் ஸ்பிரேக்கள் சிலவற்றில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் இருக்கிறது. ஃபெப்ரீஸ் என்ற பிராண்ட் பிரபலமானது இதை வைத்துத்தான். மாவுச்சத்திலிருந்து செய்வது, வளையம் போன்ற வடிவம். நாற்ற மூலக்கூறு அந்த வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மூக்குக்கு எட்டாது. கெட்டிக்கார யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு வாசனைக் கலவையும் சேர்ந்தே வருகிறது. அதுவும் போக, நாற்றத்தின் மூலம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் எத்தனை வளையம் போட்டாலும் போதாது.

சரி, முதல்ல எதை வாங்கணும்?

எதையும் வாங்க வேண்டாம். முதலில் வீட்டை விட்டு வெளியே போய்க் கால் மணி நேரம், இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். கதவைத் திறந்ததும் மூக்கில் படுகிற முதல் வாடைதான் உண்மையான வாடை. உள்ளேயே இருக்கும்போது சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. திரும்பி வந்த வேகத்தில், மூக்கு மரத்துப்போகும் முன், வாடை எந்தப் பக்கம் கூடுகிறது என்று பின்தொடருங்கள். குப்பைத் தொட்டியின் மூடி, பாத்திரம் துடைக்கும் துணி, வாஷிங் மெஷின் கதவின் ரப்பர், செருப்பு வைக்கும் இடம்: இந்த நான்கில் ஒன்றில் போய் நிற்கவே வாய்ப்பு அதிகம்.

எங்கள் வீட்டில் ஒரு குளியலறை. இரண்டு வாரம் வினிகர் போட்டுத் தேய்த்தேன், சோடா போட்டுத் தேய்த்தேன், ஓடு பளபளத்தது, நாற்றம் மட்டும் போகவில்லை. கடைசியில் பார்த்தால், தரையில் தண்ணீர் போகும் குழிக்குக் கீழே குழாய் வளைந்து போகும் அல்லவா, அந்த வளைவில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருந்தது. சாக்கடைக் காற்று மேலே வராமல் அடைத்துக்கொண்டிருப்பது அந்தத் தண்ணீர்தான். நாங்கள் அந்தக் குளியலறையைப் புழங்குவதே இல்லை, அதனால் வற்றிவிட்டது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன், அன்று மாலைக்குள் நாற்றம் போய்விட்டது. அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

மூலத்தைக் கண்டுபிடித்தாயிற்று, துடைத்தாயிற்று என்றால் அடுத்தது காற்று. எதிரெதிரான இரண்டு ஜன்னல்களையோ கதவையும் ஜன்னலையுமோ பத்து நிமிடம் திறந்து வைத்தாலே போதும். ஒரே ஒரு ஜன்னலைத் திறப்பதில் பாதிப் பலன்கூட இல்லை. காற்று உள்ளே வர, வெளியே போக என்று இரண்டு வழி வேண்டும்.

சமையல் சோடாவா, வினிகரா? எதுக்கு எது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். விடை உங்கள் வாயிலேயே இருக்கிறது. நாற்றத்துக்குத் தமிழில் எத்தனை சொல் பாருங்கள்: கவுச்சி, முடை, நெடி, மக்கல், ஊசின வாடை, புளிச்ச வாடை. (நாற்றம் என்ற சொல்லே பழந்தமிழில் நல்ல மணத்தைக் குறித்தது, பாவம்.) அந்த இடத்தை முகர்ந்ததும் எந்தச் சொல் முதலில் வாயில் வருகிறதோ, அதை வைத்தே மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

புளிச்ச வாடை, ஊசின வாடை, காலுறை வாடை என்று வந்தால் அது அமிலம். பால் கெட்டால் வருவது பியூட்ரிக் அமிலம். ஷூவுக்குள் இருந்து வருவது ஐசோவலேரிக் அமிலம், சில வகைப் பாலாடைக் கட்டியின் வாடையும் அதே அமிலம்தான். அமிலத்துக்குச் சமையல் சோடா. அது லேசான காரம்; அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது, ஆவியாகாதது மூக்குக்கு வராது. கவுச்சி என்றோ மூத்திர நெடி என்றோ வந்தால் அது காரம்: மீனில் ட்ரைமெத்திலமின், மூத்திரத்தில் அம்மோனியா. அதற்கு வினிகர், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. மீன் நறுக்கிய கையில் எலுமிச்சை தேய்ப்பதும் இதே கணக்கு. சிகரெட் வாடை ஒட்டிய சுவரை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தாலும் ஓரளவு கேட்கும், ஏனென்றால் நிகோட்டினும் காரம்தான்.

அழுகின முட்டை, வெங்காயம் மாதிரி கந்தக வாடைகளுக்கு இரண்டுமே சரிப்படாது. காற்றும் கரியும்தான் வழி. மக்கல் வாடை வேறு கதை, கீழே வருகிறது.

ரெண்டையும் கலந்து ஊத்தினா இன்னும் பவரா இருக்குமில்ல?

பொங்கும், சத்தம் வரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பொங்கி முடிந்த பின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்புக் கரைந்த தண்ணீர். அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன, நாற்றத்துக்கு யாரும் மிச்சமில்லை. இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றைப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். கலந்து பாட்டிலில் அடைத்து மூடி போட்டு மட்டும் வைக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து வெடித்துவிடும்.

இதைவிட முக்கியம்: வினிகரை எந்தக் காரணத்துக்காகவும் பிளீச்சோடு கலக்கக் கூடாது. குளோரின் வாயு வரும். அம்மோனியாவையும் பிளீச்சையும் கலந்தால் குளோரமின். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்ப்பவை. முதல் நாள் பிளீச் போட்ட இடம் என்றால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே வினிகர்.

வினிகர் அடிச்சா வீடு முழுக்க ஊறுகாய் ஜாடி மாதிரி மணக்காதா?

அரை மணி நேரம் மணக்கும். ஜன்னல் திறந்திருந்தால் அதுவும் இல்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் சும்மா 5 சதவீதம்தான், தானாகப் பறந்துவிடும். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும். நிறமில்லாத வெள்ளை வினிகராக வாங்குங்கள், பழுப்பு வினிகர் துணியில் கறை போடும். பளிங்குத் தரை, சுண்ணாம்புக்கல் மேடை இவற்றில் மட்டும் படக் கூடாது. அமிலம் கல்லை அரித்து மங்கலாக்கிவிடும், அதற்குப் பிறகு பாலிஷ்தான் போட வேண்டும்.

ஃப்ரிட்ஜுக்குள்ள சோடா டப்பாவைத் திறந்து வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலையே?

டப்பாவின் வாய் எவ்வளவு அகலம்? அவ்வளவு சோடாதான் வேலை செய்கிறது. அடியில் இருப்பதற்கு நாற்றமே போய்ச் சேராது. ஒரு தட்டில் மெலிதாகப் பரப்பி வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அப்படியும் சோடாவால் அமில வாடையை மட்டுமே பிடிக்க முடியும், அதுவும் மெதுவாக. பழைய குழம்புக் கிண்ணத்தை வெளியே எடுப்பதற்கு அது மாற்று இல்லை.

கரி வெச்சா நாத்தத்தை உறிஞ்சிடும்னு சொல்றாங்களே, அடுப்புக்கரி போதுமா?

கேள்விப்படுவது ‘ஆக்டிவேட்டட்’ கரியைப் பற்றி. நீராவியிலோ வேதிப்பொருளிலோ பதப்படுத்தி, உள்ளே நுண்ணிய துளைகளை உண்டாக்கியிருப்பார்கள். அதில் ஒரு கிராமுக்குள் இருக்கும் பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல். அந்தச் சுவர்களில்தான் நாற்றம் போய் ஒட்டுகிறது. சாதாரண அடுப்புக்கரியிலும் துளைகள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. செலவில்லாமல் கிடைத்தால் வைத்துப் பாருங்கள், அற்புதம் எதிர்பார்க்காதீர்கள்.

அலமாரி, ஷூ, கார் மாதிரி அடைத்த சின்ன இடங்களுக்குக் கரிப் பை நல்லது. கூடத்தின் நடுவில் ஒரு பையைத் தொங்கவிடுவது கடலில் பெருங்காயம் கரைக்கிற கதை. வெயிலில் வைத்தால் ‘புதுசாகிவிடும்’ என்பது பாதி உண்மை. ஈரமும், லேசாக ஒட்டியவையும் போகும். முழுதாகப் புதுப்பிக்கத் தொழிற்சாலையில் பல நூறு டிகிரி வெப்பம் தேவை.

வீட்டிலேயே ரூம் ஸ்பிரே செய்ய ஒரு அளவு சொல்லுங்க.

நான் செய்வது: 100 மில்லி பிடிக்கும் கண்ணாடி ஸ்பிரே பாட்டில். அதில் 70 சதவீத ஆல்கஹால் 50 மில்லி. எசென்ஷியல் ஆயில் (செடிகளிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்) 10 சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம் விட்டு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 50 மில்லி ஊற்ற வேண்டும். தண்ணீர் பட்டதும் கலவை பால் மாதிரி வெளுத்தால் பயப்பட வேண்டாம், எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிகிறது. அடிக்கும் முன் ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். வரிசை முக்கியம்: எண்ணெய் முதலில் ஆல்கஹாலில் கரைய வேண்டும்.

அடுப்பு எரியும்போதோ விளக்கு, மெழுகுவத்தி பக்கத்திலோ இதை அடிக்கக் கூடாது. பாட்டிலில் செய்த தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை.

ஆல்கஹால் வேணாம். தண்ணியில நேரா ஆயில் விட்டா?

எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். முதலில் வெறும் தண்ணீர் வரும், பாட்டில் காலியாகும் நேரத்தில் மொத்த எண்ணெயும் ஒரே பீய்ச்சலில் போய்த் திரைச்சீலையில் விழும். என்னிடம் வெளிர்நிறச் சட்டை ஒன்று இருக்கிறது, இடது தோளில் காசு அளவுக்கு மஞ்சள் வட்டத்தோடு. லாவண்டர்.

இன்னொன்று, அந்தத் தண்ணீரைக் கெடாமல் வைக்க எதுவும் இல்லாததால் கிருமி வளரும். செய்தால் அன்றைக்கே தீர்க்கிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

சோபா, திரைச்சீலை, கோட்டு மாதிரி அடிக்கடி துவைக்க முடியாததுக்கு என்ன பண்றது?

நாடகக் கம்பெனிகளில் தினமும் துவைக்க முடியாத உடைகளுக்கு வோட்கா அடிப்பார்கள். கேலி இல்லை, ரொம்ப காலமாக நடக்கிற வழக்கம். 40 சதவீத ஆல்கஹால் வேகமாக உலரும், போகும்போது வாடையையும் கொஞ்சம் கொண்டுபோகும், தன் வாடையை விட்டுப்போகாது. அதே அளவுக்கு நீர் கலந்த ஆல்கஹாலும் போதும், வாசனை எதுவும் சேர்க்க வேண்டாம். துணியின் உள்மடிப்பில் ஓரிடத்தில் அடித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பட்டு, ரேயான் மாதிரித் துணிகளில் நிறம் போகலாம்.

சோபாவுக்கும் மெத்தைக்கும் சோடாத் தூளைச் சலித்துத் தூவி, நாலைந்து மணி நேரம் விட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். துணி காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் போட்டால் தூள் கட்டியாகி இழைகளுக்குள் மாட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய தூள் என்பதால் வேலை முடிந்ததும் மெஷினின் வடிகட்டியைத் தட்டிவிடுங்கள்.

துவைச்ச துண்டு, காஞ்சப்புறம் நல்லாதான் இருக்கு. முகம் துடைச்சதும் நாறுதே!

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 2012ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்து ஆளைப் பிடித்தார்கள்: மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. துணியில் மிஞ்சிய வியர்வை, எண்ணெய்ப் பசையைத் தின்று 4-மெத்தில்-3-ஹெக்ஸீனாயிக் அமிலம் என்பதை விடுகிறது. ஈரத்துணி நாற்றத்தின் முக்கிய வாடை அதுதான். இந்தக் கிருமிக்குக் காய்ந்து கிடப்பதும் புற ஊதாக் கதிரும் பெரிய பொருட்டில்லை. காயும்போது சும்மா இருக்கும், ஈரம் பட்டதும் எழுந்து வேலையை ஆரம்பிக்கும். அதனால் வாசனைத் திரவம் கூட்டுவது வீண்.

செய்ய வேண்டியது சூடு. துண்டு தாங்குமென்றால் 60 டிகிரியில் துவையுங்கள். அது முடியாவிட்டால், ஐந்து லிட்டர் வெந்நீரில் சோடியம் பெர்கார்பனேட் ஒரு மேசைக்கரண்டி கரைத்து நாலைந்து மணி நேரம் ஊற வைத்துத் துவையுங்கள். ‘ஆக்சிஜன் பிளீச்’ என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது அதுதான். வெந்நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிந்து, பெராக்சைடு கடைசியில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகிவிடும். கம்பளிக்கும் பட்டுக்கும் ஆகாது. கரைத்ததை மூடி வைக்கவும் கூடாது. அப்புறம், துவைத்த துண்டை மெஷினுக்குள் விட்டுவிட்டு மறந்துபோகாதீர்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் மொராக்ஸெல்லாவுக்குத் திருவிழா.

சாஃப்ட்னருக்குப் பதிலா மெஷின்ல வினிகர் ஊத்தலாமா? மெஷின் கெட்டுடும்னு பயமுறுத்துறாங்க.

சாஃப்ட்னர் செய்வது துணி இழைக்கு மேல் ஒரு வழுக்குப் பூச்சு போடுவது. தொட மெத்தென்று இருக்கும், ஆனால் துண்டு தண்ணீரை உறிஞ்சாது, விளையாட்டு உடையில் வியர்வைப் பசை பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய குழந்தை உடைகளின் அந்தக் குணத்தையும் குறைத்துவிடும். அதனால் சாஃப்ட்னரை விடுவது பற்றி எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

வினிகர் எதையும் பூசாது. மிஞ்சிய சோப்புக் காரத்தையும் உப்புத்தண்ணீர் விட்டுப்போன சுண்ணத்தையும் கரைக்கும், துணி விறைப்பு குறையும். கடைசி அலசலுக்கு 60 மில்லி போதும். மெஷின் பயம் முழுக்கப் பொய்யில்லை: சில தயாரிப்பாளர்கள் வினிகர் நாளடைவில் ரப்பர் பாகங்களைக் கெடுக்கும் என்று எச்சரிக்கிறார்கள். நான் ஒவ்வொரு துவைப்பிலும் ஊற்றுவதில்லை, துண்டுக்கு மட்டும். அந்தப் பயமும் வேண்டாமென்றால் ஒரு வாளியில் தனியாகக் கலந்து அலசிப் பிழியுங்கள்.

ஜிம் டி-ஷர்ட் மட்டும் எத்தனை துவைச்சாலும் போக மாட்டேங்குது.

பாலியஸ்டராக இருக்கும். 2014ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற கிருமி அதில் செழித்து வளர்கிறது. உடலின் எண்ணெய்ப் பசையும் பாலியஸ்டரோடு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. வாடை புளிப்பு வகை, எனவே மேலே சொன்ன கணக்குப்படி சோடா. நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் கப் சோடா, ஒரு மணி நேர ஊறல், அப்புறம் துணியை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்தல். கழற்றியதும் பையில் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

வெயில்ல காஞ்ச துணிக்கு ஒரு வாசம் வருமே, அதை பாட்டில்ல அடைக்க முடியாதா?

அந்த வாசம் நம் பிரமை இல்லை. 2020ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெறும் தண்ணீரில் அலசிய துண்டுகளை வெயிலிலும் நிழலிலும் வீட்டுக்குள்ளும் காயப் போட்டு ஒப்பிட்டார்கள். வெயிலில் காய்ந்ததில் மட்டும் ஆல்டிஹைடு, கீட்டோன் வகைப் பொருட்கள் உண்டாகியிருந்தன: பென்டனால், ஆக்டனால், நோனனால். சில வாசனைத் திரவியங்களிலும் இதே குடும்பத்துப் பொருட்கள் இருக்கின்றன. ஈரத்துணியும் வெயிலும் சேரும்போதுதான் இது நடக்கிறது. பாட்டிலில் அடைத்து விற்கப் பலர் பார்த்துவிட்டார்கள். கொடியில் இரண்டு மணி நேரம் போடுவது சுலபம்.

எசென்ஷியல் ஆயில் இயற்கைதானே, எவ்வளவு வேணும்னாலும் விடலாம்தானே?

கூடாது. இயற்கை என்பது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லாது. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் இருக்கும் லிமோனீன் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகும். லாவண்டரில் உள்ள லினலூல், லிமோனீன் இரண்டும் பழசாகிக் காற்றோடு வினைபுரிந்த பின் தோல் ஒவ்வாமையைத் தரக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருட்களின் லேபிளில் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று 2003ல் விதித்த 26 வாசனைப் பொருட்களில் இவை இரண்டும் உண்டு.

பூனை வளர்க்கிறவர்கள் இன்னும் கவனம். இந்த எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் ஒரு முக்கியமான வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். டீ ட்ரீ ஆயில் பூனை, நாய் இரண்டுக்குமே விஷம். பறவைகளின் நுரையீரலும் மிக நுட்பமானது. கைக்குழந்தை இருக்கும் அறையில் நான் எந்த எண்ணெயும் விட மாட்டேன். மற்றபடி 10 சொட்டு என்று மேலே சொன்னதற்கு இதுதான் காரணம், கஞ்சத்தனம் இல்லை.

ஊதுவத்தி, மெழுகுவத்தி?

வாசனைக்காக எப்போதாவது ஏற்றுவது உங்கள் விருப்பம், ஆனால் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நினைத்து ஏற்றாதீர்கள். எரிகிற எதுவும் நுண்துகளை விடும். ஊதுவத்திப் புகையில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு இரண்டும் உண்டு. ஏற்றினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எலுமிச்சைத் தோல், பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுக் கொதிக்க விடலாமா?

தாராளமாக. இது வாசனைக்கு மட்டும், நாற்றத்தைப் போக்காது. சிறு தீயில் வைத்து, தண்ணீர் வற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வற்றிப் பாத்திரம் கருகினால் அந்த வாடையைப் போக்கத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஈரம் அதிகமான வீட்டில் வேண்டாம்.

செடி வெச்சா காத்து சுத்தமாகும்னு நாசாவே சொல்லியிருக்கே?

1989ல் நாசா செய்த ஆய்வு உண்மை. ஆனால் அது அடைத்த சிறு பெட்டிக்குள் செய்தது. காற்று வந்து போகிற வீட்டுக்கு அதைப் பொருத்திப் பார்த்த 2019ஆம் ஆண்டு மறுஆய்வில், சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வரை தேவை என்று கணக்கு வந்தது. நடக்க இடம் இருக்காது. அழகுக்காக வையுங்கள்.

பாச்சை உருண்டைக்குப் பதில் என்ன?

நாப்தலீன் உருண்டையை விடுவது நல்லது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பதிலுக்குக் கற்பூரத்தைப் போடலாம் என்று நினைத்தால், குழந்தை எடுத்து விழுங்கினால் வலிப்பு வரும். அதனால் எட்டாத உயரம் கட்டாயம். லாவண்டர் பொட்டலம், தேவதாரு மரத்துண்டு இவற்றின் பலன் சுமார்தான். துணியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பெட்டியில் வைப்பதே உண்மையான காவல்.

பூனை சோபாவுல போயிடுச்சு. வினிகர் போட்டேன், போச்சு. மழை வந்ததும் திரும்ப நாறுது!

மூத்திர நெடிக்கு வினிகர் என்று நான்தான் சொன்னேன், அதில் பாதிதான் சரி. வினிகர் அம்மோனியாவைக் கட்டும். பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் படிகமாக இழைக்குள் இறங்கிவிடும், தண்ணீரில் எளிதில் கரையாது. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அது மறுபடி வாடை விடும். இதற்கு நொதி உள்ள கிளீனர் வாங்குவதுதான் வழி. வீட்டில் செய்யக்கூடிய மாற்று எனக்குத் தெரிந்து இல்லை. மூத்திரம் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ அவ்வளவு ஆழம் நனையும்படி ஊற்றி, பாக்கெட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். மேலாகத் தெளித்துத் துடைத்தால் வீண். பிளீச் பக்கமே போகாதீர்கள்; மூத்திரத்தில் அம்மோனியா இருக்கிறது, மேலே சொன்ன குளோரமின் ஞாபகம் இருக்கட்டும்.

ஒரே ஒரு ரூம்ல மட்டும் எப்பவும் மக்கல் வாடை. என்ன வெச்சாலும் கேக்கல.

பூஞ்சணம். அதற்கு மணமூட்டி கிடையாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் நகர்த்திப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரப்பதம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 30க்கும் 50க்கும் நடுவே இருந்தால் இன்னும் நல்லது. கசிவு இருந்தால் அதை அடைக்காமல் சுவரைத் துடைப்பது பயனில்லை. ஊறிப்போன அட்டைப்பெட்டி, தலையணை மாதிரிப் பொருட்களைக் காப்பாற்றப் பார்க்காமல் வெளியே போடுங்கள்.

எந்த நாத்தத்தை மறைக்கவே கூடாது?

சமையல் வாயு. அதற்கென்று சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய்ப் போன் செய்யுங்கள். வாடை குறைந்துவிட்டது போல் தோன்றினாலும் நம்பாதீர்கள், மூக்கு பழகியிருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: மீனே வாங்காத வீட்டில், சுவரோரம், காரணமில்லாமல் கவுச்சி. வயர், பிளக், சுவிட்ச் பாயின்ட் சூடேறினால் அதில் உள்ள பிளாஸ்டிக் அப்படி ஒரு வாடை விடும். வினிகரை எடுக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் விட்டாச்சு. ஆனா வாசனையே இல்லாம வீடு வெறிச்னு இருக்கே?

முதல் இரண்டு மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு பஞ்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துணி அலமாரியில் மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் வாசம் போய்விட்டது என்று தோன்றி இன்னொரு சொட்டு விடக் கை போகும். விடுவதற்கு முன் வெளியிலிருந்து வரும் யாரையாவது அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.